படகுக்காரர் தன் வாய்க்காலை வானத்திலிருந்து பார்த்த நாள்

வெள்ளாற்றங்கரை:

பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் பார்க்காத சிதம்பரத்துக்காரன் கிடையாது. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் முதல் நாள் நடராஜர் கோயில், மறுநாள் பிச்சாவரம், திரும்பும்போது கொஞ்சம் சுற்றிக்கொண்டு பரங்கிப்பேட்டையில் மீன். நானும் பத்துப் பதினைந்து தடவை போயிருப்பேன். ஆனால் போன தை மாதம் போனது மனதிலேயே நிற்கிறது. காட்டுக்கோ ஏரிக்கோ கடற்கரைக்கோ போன இடத்தில் கையில் இருந்த போன் உங்களுக்கு உதவி செய்திருக்கலாம், உபத்திரவமும் செய்திருக்கலாம். எதுவானாலும் நடந்தபடி எழுதுங்கள். கடலூர், புதுச்சேரி பக்கம் என்றால் எனக்கும் போய்ப் பார்க்க வசதி.

என் கதை இது. காலை எட்டு மணிக்கே படகுத்துறைக்குப் போய்விட்டோம், நானும் ஒன்பதாவது படிக்கும் தங்கை மகனும். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு போதும் என்று கேட்டு வாங்கினோம். மோட்டார் சத்தத்துக்கு எந்தப் பறவை உட்கார்ந்திருக்கும்? தவிர, குறுகலான வாய்க்காலுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். துடுப்பு போட்டவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். முதல் பத்து நிமிடம் அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

பையனிடம் ஐநேச்சுரலிஸ்ட் ஆப் இருக்கிறது. செடியோ பூச்சியோ பறவையோ படம் பிடித்துப் போட்டால், இதுவாக இருக்கலாம் என்று ஒரு பெயர் சொல்லும். அப்புறம் எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் பார்த்து ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்வார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே பெயரைச் சொல்லிவிட்டால் அந்தப் பதிவு ஆராய்ச்சித் தரத்துக்கு ஏறும். வாய்க்காலுக்குள் சிக்னல் வந்து வந்து போகும் என்பதால் அவன் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டே வந்தான். சிக்னல் கிடைத்த ஒரு திருப்பத்தில் ஒரு மரத்தைக் காட்டி, "மாமா, இதுதான் தில்லை" என்றான். ஆப் அப்படித்தான் சொன்னதாம். தில்லைவனத்து ஊரில் பிறந்தவன், அவனுக்கு ஒரே பெருமை.

துடுப்பு நின்றது. "தம்பி, அது தில்லை இல்ல. வெண்கண்டல்."

பையன் விடவில்லை, போனைக் காட்டினான். பெரியவர் போனைப் பார்க்கவே இல்லை. கையை நீட்டி ஒரு இலையைக் கிள்ளினார். "தில்லைன்னா பால் வரும். கண்ணுல பட்டா பார்வையே போயிடும்பாங்க, தொடவே மாட்டோம். இதுல பால் இல்ல பாருங்க. இப்ப நாக்குல வச்சுப் பாருங்க." வைத்தோம். உப்பு கரித்தது. வேர் வழியாக உள்ளே வந்த உப்பை வெண்கண்டல் இலை வழியாக வெளியே தள்ளிவிடும். வெயில் ஏறிய பிறகு பார்த்தால் இலை மேல் பொடிப்பொடியாகவே தெரியும். தரையைப் பார்த்தாலும் போதும் என்றார். பென்சில் நட்டுவைத்த மாதிரி சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருந்தால் வெண்கண்டலின் மூச்சுவேர், கால் ஊன்றி நிற்கிற மாதிரி இருந்தால் சுரபுன்னை. அதற்குப் பிறகு பையன் போனை மடியில் வைத்துவிட்டு அவர் பேசுவதைக் கேட்க ஆரம்பித்தான். ஆப்புக்கு நாக்கு இல்லை என்பது அவன் சொன்னது, நான் சொன்னதில்லை.

பேச்சு சூடு பிடித்ததும் என் சந்தேகத்தையும் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. முதல் நாள் ராத்திரி வீட்டுக் கம்ப்யூட்டரில் கூகுள் எர்த்தில் பிச்சாவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இயற்கையான வாய்க்கால்கள் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகின்றன. நடுவில் சில இடங்களில் மட்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரு நேர் வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைகள். என்னவென்று பிடிபடவில்லை. பழைய வருடத்துப் படம் ஒன்றையும் புதுசு ஒன்றையும் போனில் சேமித்து வைத்திருந்தேன். "ஐயா, இது என்ன இடம் தெரியுமா?" என்று நீட்டினேன்.

சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார். பெரிதாக்குவது எப்படி என்று பையன் காட்டிக்கொடுத்தான்.

"இது மேலேர்ந்து எடுத்ததா?"

"ஆமாங்க ஐயா. சேட்டிலைட்."

"மீன் முள்ளு மாதிரிதான் வெட்டணும்னு சொன்னாங்க. நாங்க சேத்துல நின்னுக்கிட்டு வெட்டினோம், முள்ளும் தெரியல மீனும் தெரியல. இப்பதான் தெரியுது." விரலை வைத்து எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு. இந்தக் கிளையில நான் இறங்கியிருக்கேன். இடுப்பளவு சேறு."

அப்புறம் அவர் சொன்னதை நான் படித்ததோடு சேர்த்துச் சொல்கிறேன். ஒரு காலத்தில் இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மொத்தமாக வெட்டி எடுத்தார்கள். மரம் போன இடத்தில் வெயில் நேராக அடித்துச் சேறு காய்ந்தது, தரை அமுங்கித் தட்டு மாதிரி குழிந்தது. ஓதம் ஏறும்போது கடல் தண்ணீர் அதற்குள் வரும், ஆனால் திரும்ப வெளியேற வழியில்லை. தேங்கிய தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறிக்கொண்டே போனது, விழுந்த விதை எதுவும் பிழைக்கவில்லை. கன்று நட்டும் பயனில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இதைப் பார்த்துவிட்டு, நோய் மரத்தில் இல்லை, தண்ணீரோட்டத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தது. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து வாய்க்கால் வெட்டினார்கள். ஓதம் உள்ளே வந்து உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே போனது. கரையோரம் நட்ட வெண்கண்டல் பிடித்துக்கொண்டது. 2004 சுனாமியில் இந்தக் காடு பின்னால் இருந்த ஊர்களுக்கு அரணாக நின்றது, 2022ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம் பிடித்தது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். இடுப்பளவு சேற்றில் நின்றவர்களை யாருக்குத் தெரியும்?

"தம்பி, இதைத் தாள்ல எடுத்துத் தருவீங்களா? பேரனுக்குக் காட்டணும்."

அடுத்த வாரம் இரண்டு படத்தையும் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். பையனோ அந்த மரத்துப் பதிவைத் திருத்தி, குறிப்பில் "படகோட்டி ஐயா இலையைக் கிள்ளிக் காட்டிச் சொன்னது" என்று எழுதி வைத்தான். இரண்டே நாளில் வேறு யாரோ ஒருவர் சரி என்று சொல்லிவிட்டார்.

உப்புக்காற்று:

நான் உபத்திரவக் கட்சி. அதுவும் நானே செய்த உபத்திரவம்.

கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவ ஊர். பெயர் சொல்லமாட்டேன், ஏன் என்று படித்தால் புரியும். பங்குனி ஆமை முட்டையிட வரும் கரை அது. தை, மாசியில் வந்து முட்டையிட்டுவிட்டுப் போகும், ஒரு குழியில் நூற்றுக்கு மேல் இருக்கும். அது ஊர்ந்து போன தடம் டிராக்டர் டயர் போன மாதிரி மணலில் தெரியும். விடிகாலையில் வலைக்குப் போகிறவர் பார்த்தால் உடனே ஊர்ப் பையன்களுக்குப் போன். அவர்கள் வனத்துறைக்குச் சொல்லி, நாய், நரி தோண்டுவதற்குள் முட்டையை எடுத்து வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்து, தேதியும் எண்ணிக்கையும் எழுதிய பலகையை நட்டுவைப்பார்கள். நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் குஞ்சு வெளியே வரும்.

தோழி கூப்பிட்டாள் என்று ஒரு சாயங்காலம் குஞ்சு விடுவதைப் பார்க்கப் போனேன். இருட்டத் தொடங்கும் நேரம். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு, அலையைப் பார்த்ததும் அதற்கு வந்த அவசரம்! பத்து பேர்தான் நின்றோம். அழுகை வந்துவிட்டது எனக்கு. அந்த வேகத்திலேயே ஒரு ரீல் போட்டேன். கடற்கரைப் பெயர், மேப் புள்ளி, "நாளை மாலையும் உண்டு, தவறவிடாதீர்கள்" என்று எல்லாம் சேர்த்து.

மறுநாள் இருநூறு பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். பைக் ஹெட்லைட், போன் ஃபிளாஷ், தோளில் குழந்தை, கையில் சுண்டல். ஆமைக்குஞ்சுக்கு எது வெளிச்சமான அடிவானமோ அதுதான் கடல். அன்றைக்குக் கடலை விட நாங்கள்தான் வெளிச்சமாக இருந்தோம். பாதிக் குஞ்சு எங்களைப் பார்த்துத் திரும்பி நடந்தது. பையன்கள் கத்திக் கத்திப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் பொறுக்கிக் கூடையில் போட்டுத் துணியால் மூடி, கூட்டம் கலையும் வரை காத்திருந்தார்கள். மணி பத்தாகிவிட்டது.

மீன் கூடையோடு நின்ற ஒரு அக்கா என்னிடம் வந்து, "ஆமைக்குப் பத்திரிகை அடிச்சது நீதானாம்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், சாதாரணமாகக் கேட்டார்.

ரீலை அன்றைக்கே தூக்கிவிட்டேன். ஆனால் பார்த்தவர்கள் ஏற்கெனவே பரப்பிவிட்டார்கள். இப்போது சனிக்கிழமைகளில் கூட்டத்தைத் தள்ளி நிறுத்தக் கயிறு பிடிக்கப் போகிறேன். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றித் தருகிறார்கள், போன் எல்லாம் ஒரு வாளிக்குள். படம் போட்டாலும் பத்து நாள் கழித்து, ஊர் பெயர் இல்லாமல். அந்த அக்கா இப்போது என்னைப் "பத்திரிகை" என்றுதான் கூப்பிடுகிறார். மத்தி வாங்கினால் இரண்டு கூடப் போடுவார்.

நெல்லிக்குப்பம் டீச்சர்:

பயமாக இருக்கிறதே! எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அந்த ஐநேச்சுரலிஸ்ட் ஆப்பில் சேர்க்கலாம் என்று நினைத்திருந்தேன். அவர்கள் எதையாவது பதிந்து, இடம் வெளியே தெரிந்து, யாராவது கூட்டைக் கலைத்துவிட்டால்?

உப்புக்காற்று:

டீச்சர், அந்த ஆப் என்னை விடப் பொறுப்பானது. அழியும் நிலையில் உள்ள இனம் என்று பட்டியலில் இருந்தால் இடத்தைத் தானாகவே மங்கலாக்கிவிடும். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் பெட்டிக்குள் எங்கேயோ ஒரு புள்ளியாகத்தான் காட்டும். பங்குனி ஆமை அப்படித்தான் வரும். மற்றதுக்கும் பதியும்போதே இடத்தை மங்கலாக்கவோ மறைக்கவோ நாமே தேர்ந்தெடுக்கலாம். பிள்ளைகள் வீட்டு வாசலில் எடுக்கிற படத்துக்கு அதை முதலில் சொல்லிக்கொடுங்கள். ஆபத்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாவிலும்தான். ஒன்று கவனியுங்கள்: வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் உள்ளே பதிந்திருக்கும் இட விவரம் போய்விடும், டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே கூடப் போகும்.

புதுவை சைக்கிள்காரன்:

நான் பெரிய ஆள் எல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ஊசுட்டேரிக்குப் போவேன், கரையில் உட்கார்ந்து டீ குடிப்பேன், பறவை எண்ணுவேன். இபேர்டு ஆப்பில் போடுவேன். இந்த ஏரியின் வேடிக்கை தெரியுமா, ஒரு பக்கம் புதுச்சேரி, ஒரு பக்கம் தமிழ்நாடு. நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே நாமக்கோழிக் கூட்டம் மாநிலம் மாறிவிடும்.

ஒரு பிப்ரவரியில் நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடந்தது, கிரேட் பேக்யார்டு பேர்டு கவுண்ட். குறைந்தது பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் பார்த்தால் போதும், யாரும் கலந்துகொள்ளலாம். முந்தைய வருடம் நாமக்கோழியும் ஊசிவால் வாத்துமாகத் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. அந்த வருடம் பார்த்தால் முக்குளிப்பான் நாலு, நீர்க்காகம் கொஞ்சம், தூரத்தில் ஒரு கூழைக்கடா. எனக்கு ஒரே ஏமாற்றம். "ஏரி செத்துவிட்டது" என்று குறிப்பில் எழுதவே ஆரம்பித்துவிட்டேன்.

கரையில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், வழக்கமாகப் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். "என்ன தம்பி, இன்னிக்கு எழுதவே ஒண்ணும் இல்லையா?" என்றார். புலம்பினேன். "இந்த வருஷம் மழை நல்லா பேஞ்சுடுச்சில்ல. ஏரி ரொம்பி நிக்குது. காலு எட்டாத தண்ணில நாரைக்கு என்ன வேலை? சின்ன ஏரிக்குப் போயிப் பாரு. இங்க தண்ணி வடிஞ்சா தானா வரும்."

பாகூர்ப் பக்கம் ஆழமில்லாத குட்டைகளைப் பார்க்கப் போனேன். அரிவாள் மூக்கன், சங்குவளை நாரை, உள்ளான், எண்ணி முடியவில்லை. திரும்பி வந்து ஊசுட்டேரிப் பட்டியலின் குறிப்பை அழித்துவிட்டு, "ஏரி நிரம்பி ஆழமாக உள்ளது, கரையோரச் சேறு வெளியே தெரியவில்லை" என்று எழுதினேன். நாலு பறவை மட்டும் இருந்த அந்தப் பட்டியலையும் விடாமல் போட்டேன். பறவை இல்லாததும் தகவல்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். கண்ணில் பட்டது அத்தனையும் எழுதிய முழுப் பட்டியல் என்றால்தான் எது கூடுகிறது எது குறைகிறது என்று கணக்குப் போட முடியுமாம். 2023ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களைப் பற்றிச் சொல்கிறது. அதற்கு அடிப்படை முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள் போட்ட மூன்று கோடிப் பதிவுகள். என் டீக்கடைப் பட்டியலும் அதில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொரு சங்கதி. ஒரு தடவை நாமக்கோழி 40 என்பதற்கு ஒரு சைபர் கூடத் தட்டி, அதைக் கவனிக்காமல் இன்னொரு சைபரும் தட்டி 4000 என்று போய்விட்டது. இரண்டு நாளில் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவரிடமிருந்து மெயில்: "இந்த எண்ணிக்கை சரிதானா, ஒருமுறை பார்க்க முடியுமா?" அவ்வளவு மரியாதையாக எனக்கு வேறு யாரும் தப்பைச் சுட்டிக்காட்டியதில்லை.

கிள்ளை மருமகன்:

எல்லாரும் நல்ல கதை சொல்கிறீர்கள். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். என் மச்சான் பிச்சாவரத்தில் துடுப்பு போடுகிறார்.

போன வருடம் ஒரு குடும்பம் வந்தது. ரீலில் பார்த்த குகை மாதிரியான வாய்க்காலுக்குள் போகவேண்டும் என்று கேட்டார்கள். வத்தம் நேரம், அதாவது ஓதம் வடிந்து தண்ணீர் குறைந்திருக்கும் நேரம். எங்கள் பக்கம் ஓதம் ஏறினால் ஒரு மீட்டர்கூட ஏறாது, சின்னவாய்க்கால் முகத்துவாரத்தில் மணல் அடைத்தால் அதுவும் குறையும். அந்த நேரத்தில் உள்ளே போனால் படகு சேற்றில் உட்காரும், தள்ளினால் வேர் முறியும். மச்சான் மாட்டேன் என்றார். அவர்கள் கரைக்கு வந்ததும் ஒற்றை ஸ்டார் போட்டு, "படகோட்டி சோம்பேறி, பாதி வழியில் திருப்பிவிட்டார்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த மனிதருக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் படித்துக் காட்டினாள். இரண்டு நாள் படகுத்துறைக்கே போகவில்லை.

காட்டைக் காப்பாற்றியதற்குக் கிடைத்த மார்க் அது. பதில் எழுதுவதற்கு அவரிடம் ஸ்மார்ட்போனும் இல்லை.

ட்ரோன் இன்னொரு தொல்லை. வனப்பகுதியில் அனுமதி இல்லாமல் விடக்கூடாது, ஆனால் பைக்குள் வைத்துக் கொண்டுவருகிறார்கள். கூட்டின் மேல் அது ரீங்காரம் போட்டால் தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும். காக்காய்க்கு அந்த இரண்டு நிமிடம் போதும்.

நல்லது ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. ஜிபே வந்த பிறகு சில பேர் நேராக மச்சானின் மகள் நம்பருக்கு அன்பளிப்பு போடுகிறார்கள், யார் கையும் நடுவில் இல்லை. அதுவும் கரைக்கு வந்து சிக்னல் கிடைத்த பிறகுதான். "அப்புறம் போடறேண்ணே" என்று போனவர்களில் போட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்.

வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்றைக்கு ஓதம் எப்போது ஏறும் என்று போனிலேயே பார்க்கலாம், பார்த்துவிட்டு வாருங்கள். ரிவியூ எழுதினால் படகோட்டி என்ன சொல்லிக்கொடுத்தார் என்று இரண்டு வரி எழுதுங்கள். மச்சானுக்குத் தெரிந்த பறவைப் பெயர்களை எழுதினால் ஒரு நோட்டு நிறையும், ஆனால் இதுவரை யாரும் கேட்டதில்லை.

நெல்லிக்குப்பம் டீச்சர்:

நான் கேட்கிறேன். மாசிக் கடைசியில் பன்னிரண்டு பிள்ளைகளோடு வருகிறோம். நோட்டு எங்களுடையது. அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும், அவர் குரலில் பதிவும் செய்துகொள்ளட்டும். அவருக்கு ஒரு நாள் கூலி தனியாகத் தந்துவிடுகிறோம். சம்மதமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

கிள்ளை மருமகன்:

கேட்டேன் டீச்சர். "பிள்ளைங்க சத்தம் போடாம இருக்குமா?" என்றார். இருக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன், என்னைக் காப்பாற்றுங்கள்.

வெள்ளாற்றங்கரை:

கிள்ளை மருமகன், அந்த ஒற்றை ஸ்டாருக்குக் கீழே நானும் தங்கை மகனும் போய் எங்கள் அனுபவத்தை எழுதியிருக்கிறோம். வத்தம் என்றால் என்ன, ஏன் உள்ளே போகக்கூடாது என்பதையும் அவன் விளக்கியிருக்கிறான், கொஞ்சம் வாத்தியார் தோரணையில்.

எங்கள் படகுக்காரர் நேற்று ராத்திரி போன் செய்தார். பேரனின் பள்ளிக்கூடத்தில் அந்த லேமினேட் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறார்களாம். அதற்காக அவர் கூப்பிடவில்லை. மழைக்கு முன்னால் அவர்கள் தூர் வாரிய கிளை வாய்க்கால் ஒன்று இருக்கிறதாம், மூன்றாவதுக்கு அடுத்தது. "வானத்துப் படம் புதுசு வந்திருக்கா, அது தெரியுதான்னு பாத்துச் சொல்லுங்க தம்பி" என்றார். பார்த்தேன். இன்னும் பழைய படம்தான் இருக்கிறது.